மூன்றாவது சுற்று

எங்கள் வீட்டுக் கோழிக்குழம்பில் அந்த வருஷம் ஈரலே அகப்படவில்லை. கறி வாங்குவது நான். கடைக்காரர் பச்சையப்பன் ஈரலைப் பதுக்கி வேறு யாருக்கோ கொடுக்கிறார் என்று நானாக முடிவுகட்டி, வெள்ளானூர் முனையில் இருக்கும் அவர் கடைக்கே போய் ஒருநாள் சண்டை பிடித்தேன்.

"உன் கண்ணு முன்னாலதான சார் அறுத்துப் போட்டேன். ஈரல் இல்லாத கோழி எங்கனா கீதா? ஊட்டுல போயி கேளு" என்றார்.

வீட்டில் கேட்கவில்லை. ஈரலுக்காக மனைவியை விசாரிக்கிற அளவுக்கு நான் அற்பன் இல்லை என்று ஒரு பெருமை. அந்த ஈரல் எங்கே போனது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

வெள்ளானூரில் புதிதாக எழும்பிய அடுக்குமாடி ஒன்றில், மொட்டைமாடிக்கு நேர் கீழே எங்கள் வீடு. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் தரப் பரிசோதகன். மனைவி எழிலரசிக்கு ஐ.டி. வேலை. ஒரே மகள் நிஷா, ஒன்றாம் வகுப்பு. ஐப்பசி மழை பிடித்த வாரத்தில் நிஷாவுக்குக் காய்ச்சல் வந்தது. வந்தது போகவில்லை. காலையில் விட்டுவிடும், விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்பி வரும். ஆவடியில் ஒரு டாக்டர், அம்பத்தூரில் ஒரு டாக்டர், பூந்தமல்லியில் ஒரு பெரிய டாக்டர் என்று அலைந்தோம். டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை, மஞ்சள் காமாலை இல்லை. இல்லாததையெல்லாம் தெளிவாகச் சொன்னார்கள். குழந்தை நூலாக இளைத்துப்போனாள். எழில் ராத்திரி பகல் தெரியாமல், மடியில் லேப்டாப்பும் தோளில் குழந்தையுமாக உட்கார்ந்தே கிடந்தாள்.

வீட்டு வேலைக்கு வரும் தாயம்மாள் ஊர்ப் பக்கத்துப் பழைய குடும்பம். அவள் தன் குடும்பத்து வழக்கம் ஒன்றை எழிலிடம் சொல்லியிருக்கிறாள். பின்னால் என்னிடமும் அதையே வாய் மாறாமல் சொன்னாள்.

"எங்க ஊட்டுல இப்டிதாம்மா செய்வோம். காச்ச உடாத புள்ளைய மொட்டமாடில குந்த வெச்சி, ஈரலக் கைல வெச்சி அது தலைய மூணு சுத்து சுத்தி மேல வீசணும். பருந்து அத்தக் கீழ வுழாம புட்சிகினு போச்சின்னா நோவும் அதோட போயிடும். என் தம்பிக்கு அப்டிதான் போச்சி."

ஒரு வெள்ளிக்கிழமை, நான் வேலைக்குப் போனபின், எழில் அதைச் செய்திருக்கிறாள். முதல் வீச்சிலேயே பருந்து பிடித்துக்கொண்டு போயிற்று. இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. டாக்டர் கொடுத்த மாத்திரை வேலை செய்தது என்று நான் ஆபீசில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.  எழிலுக்கோ காய்ச்சல் திரும்ப வந்துவிடுமோ என்று பயம். ஆகவே அடுத்த வெள்ளியும் செய்தாள். பிறகு செவ்வாயும் சேர்ந்தது. பிள்ளை ஒரு தும்மல் போட்டால்கூட மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் வாங்கி வந்த ஈரலெல்லாம் பிரிட்ஜில் உறைந்து, முறை வைத்து, வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் பேட்டைப் பருந்துகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பருந்து பெரிய வேட்டைக்காரன் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே அது உழைத்துச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. செத்த எலி, மீன் செவுள், கறிக்கடைக் கழிவு, அசந்தவன் கையில் இருக்கும் பஜ்ஜி, இதுதான் அதன் பிழைப்பு. இறக்கையை அடித்துக் களைத்துப்போவதும் கிடையாது. கிடங்குகளின் தகரக்கூரை சூடேறினால் அந்தக் காற்றில் ஏறி, வாலை மட்டும் இப்படி அப்படித் திருப்பிக்கொண்டு கிடக்கும். பிடித்ததை நின்று தின்னாது. பறக்கும்போதே காலை முன்னால் நீட்டித் தலையைக் குனிந்து கொத்திக்கொள்ளும். எங்கள் ஜன்னலுக்கு எதிரே செல்போன் டவரில் அதன் கூடு. வயர், கிழிந்த வேட்டி, வெள்ளைப் பிளாஸ்டிக் பை, யாருடைய குழந்தையின் காலுறையோ ஒன்று, எல்லாம் அதில் தொங்கும். மழை நாளில் அங்கேயே வரிசையாக நனைந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். நனைந்தாலும் கண் மட்டும் கீழே இருக்கும். பச்சையப்பன் கழிவை வீசும் நேரம் அதற்குத் தெரியும். அவர் ஒரு கல்யாணத்துக்கு வேட்டி சட்டையில் போனபோதும் பின்னாலேயே போயிற்று என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

மார்கழியில் ஒரு காலை. நிஷாவின் பள்ளி வேனுக்காக வாசலில் நிற்கிறேன். தரையில் ஒரு நிழல் எங்களைச் சுற்றிப் போயிற்று. திரும்ப வந்தது. நிமிர்ந்தால் ஐந்தாறு பருந்துகள், சத்தமில்லாமல், நாங்கள் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே வட்டம் போடுகின்றன. பக்கத்தில் கீரைக்காரியின் கூடை, டீக்கடை வாசலில் வடைத்தட்டு. எதன் மேலும் வட்டமில்லை. வேன் கிளம்பியதும் வட்டமும் நகர்ந்தது.

எதிர்வீட்டுப் பார்த்தசாரதி டாங்கு பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாப்பாவுக்குக் கருட தரிசனம். யோகம்தான்."

கருடனுக்கு மார்பு வெள்ளை, முதுகு செம்மண் நிறம். இவை தலை முதல் வால் வரை அழுக்குப் பழுப்பு. நான் அதைச் சொல்லவில்லை.  ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த எங்களுக்கெல்லாம் ஒன்று தெரியும். பருந்து வட்டம் போட்டால் கீழே ஏதோ கிடக்கிறது என்று அர்த்தம்.

அந்த வாரமே பள்ளியிலிருந்து போன். வகுப்பாசிரியை கவிப்பிரியா தயங்கித் தயங்கிப் பேசினார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. டிரில் பீரியட்ல நிஷா நிக்கிற எடத்துக்கு மேலயே பருந்துங்க வருது. வரிசை மாத்தி நிக்க வச்சேன். அங்கயும் வந்துச்சு. பசங்க டிபன் பாக்ஸ் திறந்திருந்தாங்க, அது பக்கம் போகவே இல்ல."

எழிலிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து போய் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மறுநாள் இரண்டு தடவை சுற்றிப் போட்டிருக்கிறாள். அதுவும் எனக்கு அப்போது தெரியாது.

பிறகு ஜன்னல். படுக்கையறை ஏ.சி.யின் வெளிப்பெட்டி மேல் ஒரு பருந்து வந்து உட்கார ஆரம்பித்தது. விரட்டினால் போகும், திரும்பினால் இருக்கும். சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாலும் அந்தப் பக்கம் போகாது. கண்ணாடிக்கு அந்தப் புறம் தலையைச் சாய்த்து நிஷாவின் கட்டிலைப் பார்க்கும். அவள் கூடத்துக்கு வந்தால் கூடத்து ஜன்னலுக்கு வரும். குதிரை கனைப்பதைப் போன்ற அதன் நடுங்கும் கூப்பாட்டுக்கு நான் பகலிலேயே திடுக்கிட ஆரம்பித்தேன். ஒருநாள் நிஷா படம் வரைந்துகொண்டே கேட்டாள்.

"அப்பா, பருந்து செத்துப்போனதைத்தான தின்னும்?"

"யாரு சொன்னா?"

"வேன்ல விஷால் சொன்னான். நான் செத்துட்டேனாப்பா?"

அவளைத் தூக்கிக்கொண்டேன்.  எழிலுக்குத் தெரியாமல் அவளைக் கூட்டிப்போய் மறுபடி ரத்தம் கொடுத்துப் பரிசோதித்தேன். எல்லாம் சரி என்றார்கள். நான் நம்பவில்லை. காகிதத்தில் தெரியாத எதையோ மேலே இருப்பவை பார்த்துவிட்டன என்றுதான் தோன்றியது. படித்தவன்தான், அதனால் என்ன.

பொங்கலுக்கு அடுக்குமாடியில் விழா. நடுமுற்றத்தில் பானை வைத்து, கோலம் போட்டு, பிள்ளைகள் ஆடினார்கள். நிஷா பச்சைப் பாவாடையில் ஆடியதை எல்லாரும் கைதட்டி ரசித்தார்கள். பார்த்தசாரதியின் மனைவி சரசாக்காவுக்குக் குழந்தை இல்லை, நிஷா என்றால் உயிர். ஆட்டம் முடிந்ததும் பானைப் பக்கம் இருந்த கல்லுப்பை ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தார்.

"எத்தனை கண்ணு பட்டுச்சோ, என் தங்கத்துக்கு. நில்லுடி, சுத்திப் போடுறேன்."

நம் வீடுகளில் யார்தான் இதைச் செய்ய மாட்டார்கள்? நான் சிரித்துக்கொண்டு நின்றேன். எழில் பந்திப் பக்கமிருந்து பார்த்துவிட்டு, "அக்கா, வேணாம்" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். அவள் குரலில் இருந்தது என்ன என்று எனக்குப் புரியவில்லை. சரசாக்காவின் மூடிய கை குழந்தையின் தலையை ஒருமுறை சுற்றியது. இரண்டாவது முறை சுற்றியது. மேலே கனைப்புச் சத்தம் நின்றுபோனது. மூன்றாவது சுற்றில் ஏதோ பழுப்பாக எங்கள் நடுவே விழுந்தது. காற்று முகத்தில் அறைந்தது. அடுத்து ஒன்று, அடுத்து ஒன்று. உப்பு சிதறிக் கிடந்தது. நிஷா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல் இடுக்கில் ரத்தம் வந்தது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டு திரும்பினோம். குழந்தை தூங்கியபின் எழில் கூடத்துத் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஈரல், தாயம்மாள், வெள்ளி, செவ்வாய்.

"நோவை எடுத்துக்கிட்டுப் போச்சுங்க. நான் அத்தோட நிறுத்தியிருக்கணும். இப்ப மீதியையும் எடுத்துக்க வருது" என்றாள்.

"மீதியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல" என்று கத்தினேன். கத்தும்போதே எனக்கு விளங்கிவிட்டது. ஒரே வேலையை ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதுதானே என் பிழைப்பு. "பச்சையப்பன் கடையில என்ன நடக்குது? அவர் கைய ஓங்கினா சோறு. அதுங்களுக்கு அவ்ளோதான் தெரியும். நீ என்ன செஞ்ச? பிள்ளையைக் காட்டுன, கையைச் சுத்துன, கறி வந்துச்சு. நிஷா தலைதான் தட்டுன்னு நீயே சொல்லிக்கொடுத்திருக்க, எழில்."

அவள் நம்பவில்லை. காலையில் நானே காட்டினேன். நிஷாவைக் கூடத்து ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்காரவைத்தேன், கண்ணாடி மூடியிருந்தது. வெறுங்கையை மூடி அவள் தலைக்கு மேல் கொண்டுபோனேன். எதிர் டவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தவை எல்லாம் ஒரே சமயத்தில் கழுத்தைத் திருப்பின. ஒரு சுற்று. டவர் காலியாகிவிட்டது. இரண்டு. வெளிச்சம் மறைந்து மறைந்து வந்தது. மூன்றாவதை நான் முடிக்கவில்லை, எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனாலும் கண்ணாடியில் தட் என்று ஒன்று மோதியது. அதன் கால் நகம் கண்ணாடியில் இழுத்த சத்தம் இன்னும் பல்லில் கூசுகிறது. எழில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அதற்குமேல் அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஈரல் நின்றது. பருந்துகள் நிற்கவில்லை. வனத்துறைக்குப் போன் செய்தேன். அங்கே ஒருவர், "குஞ்சு பொரிக்கிற சீசன் சார், இப்ப கூட்டைத் தொட முடியாது. முகத்தையும் அதுங்க லேசுல மறக்காது" என்றார். வீட்டை மாற்றலாம் என்றால் ஆவடி, அம்பத்தூர், செம்பரம்பாக்கம் எங்கே போனாலும் கறிக்கடை இருக்கிறது, டவர் இருக்கிறது, மேலே அவையும் இருக்கின்றன. இவை அங்கே வராது என்று யார் எழுதிக்கொடுப்பார்கள்? நிஷாவின் பள்ளி நின்றது. திரைச்சீலை போட்ட வீட்டில், பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஆறு வயதுக் குழந்தை வெளிறிப்போய்க் கிடந்தாள். காய்ச்சல் செய்யாததை நாங்கள் செய்துகொண்டிருந்தோம்.

ஒருநாள் நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது வீட்டில் எழில் இல்லை. தாயம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே கையைக் காட்டினாள். "நா இன்னா சொல்லியும் கேக்கல சார். நீயாவது சொல்லு."

மொட்டைமாடியில் குழந்தையின் முக்காலியில் எழில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர்த் தொட்டி விளிம்பெல்லாம் பருந்து. மூடிய கையைத் தன் தலையைச் சுற்றி மெதுவாகக் கொண்டுவந்தாள். மூன்றாவது சுற்றில் கையை விரித்து வீசினாள். அவை வந்து எடுத்துக்கொண்டன. மறுபடி கிண்ணத்தில் கைவிட்டாள்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?" என்றேன்.

"கிட்ட வராதீங்க. உங்களையும் பழகிடும்." திரும்பாமலே பேசினாள். "மறக்கடிக்க முடியாதுன்னு சொன்னாங்கல்ல. மறக்க வேணாம். தட்டை மாத்தி வச்சுடலாம்."

நான் தடுத்தேன். சண்டை போட்டேன். கிண்ணத்தைப் பிடுங்கி எறிந்தேன். அவள் போய் வேறு கிண்ணம் எடுத்துக்கொண்டு வந்தாள். என் மனைவிக்கு அழுத்தம் அதிகம் என்று கல்யாணத்தின்போதே சொன்னார்கள். இவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை.

அதன்பிறகு தினமும் செய்தாள். மாடியில் மட்டும் பழகினால் போதாது என்று வேன் நிற்கும் இடத்தில் செய்தாள், பள்ளிக்கூட மதில் ஓரம் செய்தாள், பச்சையப்பன் கடை வாசலில் செய்தாள். அவை புடவையை நினைவு வைத்துக்கொள்ளக் கூடாது, முகத்தைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நாளுக்கொரு உடை மாற்றினாள். அடுக்குமாடியில் சங்கம் கூடிப் பேசினார்கள். சரசாக்கா மட்டும் அவர்களை வாயடைத்தார். எழிலின் உச்சியில் கீறல் மேல் கீறலாக விழுந்தது. தலை குளிக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். நான் மஞ்சள் பத்துப் போட்டுவிடுவேன். 

பங்குனி வெயில் ஏறியபோது ஏ.சி. பெட்டி மேல் வருவது நின்றது. அது சமையலறை ஜன்னலுக்கு, எழில் நிற்கும் இடத்துக்குப் போய்விட்டது. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த காலை, நிஷாவின் கையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினோம். வட்டம் எழிலுக்கு மேல் கூடியது. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் நிஷா பிறந்தபோதுதான் பார்த்திருந்தேன். ஆனால் தாழ்ந்து வந்த ஒரு பறவை எழிலைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த சின்னத் தலையையும் பார்த்தது. பார்த்துக்கொண்டே இன்னொரு சுற்று வந்தது. எழில் பட்டென்று குழந்தையின் கையை விட்டுவிட்டுச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றாள். எல்லாம் அவளோடு போயின.

அன்றிலிருந்து அதுதான் எங்கள் ஏற்பாடு. வீட்டுக்குள் அவள் நிஷாவை மடியை விட்டு இறக்குவதில்லை. கதவைத் தாண்டினால் எழில் தனி, நாங்கள் தனி. கோயிலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் நானும் நிஷாவும் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். அவள் நடையோடு நிழல்கள் போகும். பார்ப்பவர்கள் எங்களுக்குள் சண்டை என்று நினைக்கிறார்கள். ஈரல் போடுவதையும் அவளால் விட முடியாது. விட்டால் அவை பழைய தட்டைத் தேடுமே.

போன மாதம் பள்ளியில் விளையாட்டு விழா. பெற்றோர்களுக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். எழில் பந்தலுக்கு வரமுடியாதே. மைதானத்து மதிலுக்கு அந்தப் புறம் மனை பிரித்துப் போட்ட காலி இடத்தில், முள்ளுச் செடிகளுக்கு நடுவே நின்றுகொண்டாள். மதில் உயரம். ஓட்டப்பந்தயம் அவள் கண்ணுக்குத் தெரியாது, கைதட்டல் மட்டும் கேட்கும். போனில் நான் சொல்கிறேன் என்றேன். "வேணாம், நீங்க பாருங்க" என்று வைத்துவிட்டாள்.

நிஷா கடைசிக்கு முந்தி வந்தாள். தலையில் தையல் போட்ட இடத்தில் முடி இன்னும் சரியாக வளரவில்லை. மூச்சிரைக்கக் கோட்டைத் தாண்டியதும் மற்றப் பிள்ளைகளெல்லாம் பந்தலைப் பார்த்து, அவரவர் அம்மாவைத் தேடி ஓடினார்கள். என் மகள் பந்தல் பக்கம் திரும்பவே இல்லை. இடுப்பில் கை வைத்து அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். மேற்கே மதிலுக்கு மேல் பருந்துகள் வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. அந்த வட்டத்துக்கு நேர் கீழே எங்கே என்று மதிலில் ஒரு இடத்தைக் கண்ணால் பிடித்து, அதைப் பார்த்துச் சிரித்து, கையை ஆட்டினாள்.